ஊர்பேர் சொல்லாத மணியார்டர்

ஒரு தொகையின் கதையை அது செலவாகித் தீர்ந்த இடத்திலிருந்து சொல்வதுதான் இங்கே வசதி. நான் சொல்லப்போகும் பணம் போய்ச் சேர்ந்த இடங்கள் மிகச் சாதாரணமானவை. ஒரு பள்ளிச் சீருடை. ஒரு மாத வாடகை ரசீது. குளிர்காலத்துக்கு ஒரு மூட்டை நிலக்கரி. கேப்டவுன் வரை போய்த் திரும்ப ஒரு ரயில் டிக்கெட். கிளம்பிய இடம் லண்டன். நடுவில் அது பல கை மாறியது. ஒவ்வொரு கை மாறும்போதும் தன் பழைய பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனது. இப்படி இருபத்தைந்து ஆண்டுகள்.

சீருடைக்கு ஏன் லண்டனிலிருந்து பணம் வரவேண்டும்? தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்த நாளில் வெள்ளைக்காரப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இலவசம். கறுப்பினப் பிள்ளையின் பெற்றோர்தான் கட்டணம், புத்தகம், சீருடை எல்லாவற்றுக்கும் கைக்காசு போடவேண்டும். 1960இல் ஷார்ப்வில்லில் கறுப்பினப் போராட்டக்காரர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்ற கையோடு ஆப்பிரிக்க தேசிய காங்கிரசையும் பான் ஆப்பிரிக்க காங்கிரசையும் அரசு தடை செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் போர்ட் எலிசபெத் வட்டாரத்தில் மட்டும் நூற்றுக்கணக்கானவர்கள் கூண்டில் ஏற்றப்பட்டார்கள். அவர்களில் பலர் குண்டு வைத்தவர்கள் கிடையாது. தடை செய்த இயக்கத்தில் இருந்தது ஒரு குற்றம், அதன் கூட்டத்துக்குப் போனது ஒரு குற்றம், அதற்குச் சந்தா கட்டியது ஒரு குற்றம். ஒரே ஆளின் ஒரே காரியத்தை இப்படி மூன்றாக உடைத்துத் தண்டனையைக் கூட்டினார்கள்.

அப்பா உள்ளே போனதும் வீட்டில் என்ன ஆகும்? வாடகை வீடு அவர் பேரில் இருக்கும். பாக்கி விழுந்தால் நகராட்சி சாமான்களைத் தெருவில் வைக்கும். நகரத்தில் குடியிருக்கும் உரிமையே கணவனை வைத்துத்தான் என்றிருந்த பெண்களுக்கு அடுத்த இடி காத்திருந்தது. இதுதான் உன் சொந்த மண் என்று, பார்த்தே இராத ஏதோ ஒரு பொட்டல் காட்டைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். அரசாங்கத்துக்குத் தெரியாமல் நடந்த விபரீதம் என்று இதை யாரும் சொல்ல முடியாது. 1963இல் வந்த சட்டத்தில் விசாரணை இல்லாமல் 90 நாள் அடைத்து வைக்கலாம். அடைபட்டவரிடம் காவல்துறை முதலில் எடுக்கிற பேச்சே வீட்டைப் பற்றித்தான். எந்த மனிதனையும் அடிக்காமல் உடைக்க அவன் பிள்ளைகளின் பசி போதும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

லண்டனில் இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் ஜான் காலின்ஸ். செயின்ட் பால் பேராலயத்துப் பாதிரியார். கோயிலுக்குள் அடங்கி இருக்கிற ரகம் இல்லை. பிற்பாடு அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். 1952இல் தென்னாப்பிரிக்காவில் அநியாயச் சட்டங்களை வேண்டுமென்றே மீறி எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். அவர்கள் குடும்பங்களுக்காகத் தன் ‘கிறிஸ்டியன் ஆக்‌ஷன்’ அமைப்பின் மூலம் வசூலில் இறங்கினார் காலின்ஸ். 1956 டிசம்பரில் மண்டேலா உட்பட 156 பேரை ராஜத்துரோகக் குற்றத்தில் பிடித்துப் போட்டபோது, நல்ல வழக்கறிஞர்களை அமர்த்தச் சொல்லி உடனே 100 பவுன் அனுப்பினார். கூடவே, வழக்கின் மொத்தச் செலவையும் நாங்கள் ஏற்கிறோம், குடும்பங்களையும் பார்த்துக்கொள்கிறோம் என்று வாக்கும் கொடுத்தார். அவ்வளவு பணம் கையில் இருந்து கொடுத்த வாக்கு இல்லை அது. வழக்கு நாலு வருஷத்துக்கு மேல் இழுத்தது. 1961 மார்ச் 29 அன்று, கடைசி வரை கூண்டில் நின்ற 30 பேரும் விடுதலை ஆனார்கள்.

வசூலுக்குப் போனவர்களுக்கு ஒன்று தெரியும். வழக்குக்கு என்று கேட்டால் கை நீளும். அடுப்புக்கு என்று கேட்டால் யோசிப்பார்கள். நீதிமன்றத்தில் நாடகம் இருக்கிறது, செய்தித்தாளில் படம் வருகிறது. வாடகை பாக்கியில் என்ன வரும்? ஆனால் என்னைக் கேட்டால், அந்த அரசை அதிகம் எரிச்சல்படுத்தியது இரண்டாவது செலவுதான் என்பேன். வழக்கை எப்படியும் அதன் நீதிபதிகள்தான் தீர்ப்பார்கள். பிள்ளைகளின் வயிற்றை யாரோ நிரப்பிவிட்டால் அப்பாவை வளைக்க இருந்த பிடி கையைவிட்டுப் போய்விடுகிறது.

எரிச்சல் 1966 மார்ச் 18 அன்று அரசாணையாக வந்தது. காலின்ஸ் கட்டியெழுப்பிய ‘டிஃபென்ஸ் அண்ட் எய்ட்’ நிதியின் தென்னாப்பிரிக்கக் கிளையைக் கம்யூனிச ஒடுக்கல் சட்டத்தின் கீழ் தடை செய்தார்கள். அன்றிலிருந்து அந்த நிதியின் காசைத் தொடுவதே குற்றம். கடை மூடியாயிற்று என்றுதான் தலைநகர் பிரிட்டோரியாவில் நினைத்திருப்பார்கள். லண்டனில் வேறு மாதிரி நினைத்தார்கள். பணத்தை நிறுத்த வேண்டியதில்லை, அதன் பெயரை மட்டும் நிறுத்தினால் போதும்.

இதற்காக இரண்டு வாய்க்கால் வெட்டினார்கள். ஒன்று வழக்குச் செலவுக்கு. பில் ஃபிராங்கல் என்ற லண்டன் சொலிசிட்டர் அதை வடிவமைத்தார். நிதியின் பணம் அறக்கட்டளைகள் வழியாக, நிதியோடு எந்த ஒட்டும் உறவும் வெளியே தெரியாத ஒரு சொலிசிட்டர் அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து ஜோகன்னஸ்பர்க்கிலோ டர்பனிலோ இருக்கும் வழக்கறிஞருக்குக் கடிதம் போகும்: பெயர் சொல்ல விரும்பாத கட்சிக்காரர் ஒருவர் இன்னார் வழக்கில் அக்கறை கொண்டிருக்கிறார், கட்டணம் அவருடையது. பெற்றுக்கொண்ட வழக்கறிஞர் மேற்கொண்டு கேட்க மாட்டார். கேட்காமல் இருந்ததால்தான் போலீஸ் வந்து விசாரித்தால், அந்த நிதியிலிருந்து எனக்குக் காசு வரவில்லை என்று மனச்சாட்சி உறுத்தாமல் சொல்ல முடிந்தது.

இரண்டாவது வாய்க்கால் வீடுகளுக்கு. இது தபால் வழி.

ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஒரே ஆபீசிலிருந்து பணம் போனால் ஒரே வாரத்தில் பிடிபடும். ஆகவே ஆபீஸ் பணம் அனுப்பவில்லை. பிரிட்டனின் சின்ன ஊர்களிலும் பிற நாடுகளிலும் இருந்த சாதாரண மனிதர்களைத் தேடிப் பிடித்தார்கள். இல்லத்தரசிகள், ஓய்வு பெற்ற ஆசிரியைகள், பாதிரியார்கள். வாய் பெரிதாக இல்லாதவர்களாகவும் இருக்கவேண்டும். ஒவ்வொருவர் கையிலும் சில குடும்பங்களின் முகவரி. அவர்களிடம் பணம் வந்து சேரும். அவர்கள் தங்கள் ஊர்த் தபாலாபீசுக்கோ வங்கிக்கோ போய், தங்கள் சொந்தப் பெயரில் மணியார்டரோ டிராப்டோ எடுப்பார்கள். அதோடு கையால் ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி அனுப்புவார்கள். உறையின் பின்பக்கம் அவர்கள் வீட்டு விலாசம்.

கடிதத்துக்குச் சில கட்டுப்பாடுகள் இருந்தன. நிதியின் பெயரை எழுதக்கூடாது. அரசியல் கூடாது. சிறையில் இருப்பவர் ஏன் சிறையில் இருக்கிறார் என்ற பேச்சும் வேண்டாம். எழுதக்கூடியது என்ன? இங்கே மழை. தோட்டத்தில் ரோஜா வந்திருக்கிறது. உங்கள் பெரியவள் எத்தனாவது படிக்கிறாள்? இந்தச் சிறு தொகையை ஏதாவது செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புப் போலீஸ் உறையைப் பிரித்துப் பார்த்தால் இங்கிலாந்தில் யாரோ இரக்கமுள்ள அம்மாள் கிறிஸ்தவ அன்பில் எழுதியதாகத்தான் இருக்கும். அதில் ஒரு சொல்லைக்கூடப் பொய் என்று சொல்ல முடியாது.

பதில் வரவேண்டும் என்பது இன்னொரு விதி. இன்ன தேதியில் பணம் கிடைத்தது, வாடகைக்கு இவ்வளவு போனது, சின்னவனுக்குச் சட்டை எடுத்தேன், மீதியில் மாவு வாங்கினேன். கடிதத்தைப் படித்ததும் அந்த அம்மாள் அதை லண்டனுக்கு அனுப்பிவிடுவார். அங்கே குடும்பத்துக்கு ஒரு கோப்பு. ஒரே காகிதம் இரண்டு வேலை பார்த்தது. எழுதியவருக்கு அது நட்புக் கடிதம். லண்டன் கணக்கருக்கு அது வவுச்சர். ரசீதுப் புத்தகம், ஆய்வாளர், களப்பணியாளர் யாருமே போக முடியாத ஊரில் நடந்த நலத்திட்டத்துக்கு இதைவிட நல்ல தணிக்கை இருந்திருக்க முடியுமா, தெரியவில்லை.

லண்டனில் இந்தக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டவர்களும் சும்மா குமாஸ்தாக்கள் அல்லர். நிதியின் பொதுச்செயலாளர் ஃபிலிஸ் ஆல்ட்மன் தென்னாப்பிரிக்கர், நாவலாசிரியை. குடும்ப நலப் பிரிவில் நீண்ட காலம் இருந்த ரிக்கா ஹாட்ஜ்சன், 1956 வழக்குக்காக ஜோகன்னஸ்பர்க்கில் வசூல் செய்தவர். பிறகு தானும் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தவர். யார் உள்ளே போனார், அவர் மனைவி எந்தத் தெருவில் இருக்கிறார், பிள்ளைகள் எத்தனை என்பதெல்லாம் வழக்கறிஞர்கள் மூலமும், விடுதலையானவர்கள் மூலமும், தென்னாப்பிரிக்கச் செய்தித்தாள்களின் நீதிமன்றப் பத்திகளிலிருந்தும் வந்து சேர்ந்தன. பெயர் வந்துசேராத குடும்பத்துக்கு உறையும் போய்ச்சேராது. இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை அதுதான். ஊடகக் கண் படாத சிற்றூரில் பிடிபட்டவரின் மனைவிக்கு லண்டனில் ஒருவர் தன்னைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று தெரிய வழி கிடையாது.

பணத்தின் பயணத்தில் ரயில் டிக்கெட்டுக்குத் தனி இடம் உண்டு. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கேப்டவுன் சுமார் 1,400 கிலோமீட்டர். அங்கிருந்து படகு ஏறினால் அரசியல் கைதிகளை அடைத்து வைத்திருந்த ராபன் தீவு. சந்திப்பு அரை மணி நேரம். நடுவில் கண்ணாடி, காதில் தொலைபேசி, பக்கத்தில் காவலர். குடும்ப விஷயத்தைத் தாண்டிப் பேச்சு போனால் துண்டித்துவிடுவார்கள். 1960களில் கடைநிலை வகுப்புக் கைதிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு சந்திப்பு, ஒரு கடிதம். கடிதம் 500 சொல்லுக்கு மேல் போகக்கூடாது; அதிலும் தணிக்கைக்காரர் வெட்டியெடுத்த சன்னல்கள் இருக்கும். ஒருத்தி பல மாதம் காசு சேர்த்து, இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து போவது இந்த அரை மணிக்காக. சேர்க்கக் காசு இல்லாதவர்களுக்கு இந்த டிக்கெட்தான் கணவனின் முகம்.

பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. இரண்டு வயதுக்கு மேல் பதினாறு வயதுக்குள் இருந்தால் தீவுக்குள் அனுமதி கிடையாது. கைக்குழந்தையாக இருந்தபோது அப்பாவைப் பார்த்த பிள்ளை, மீசை முளைத்த பிறகுதான் மறுபடி பார்க்கலாம். மண்டேலாவின் இளைய மகள் ஜிண்ட்சி 1975இல், பதினைந்து வயதில் போனாள். அதற்கும் பத்திரத்தில் வயதைக் கூட்டிப் போடவேண்டியிருந்தது. இங்கே ஒரு விசித்திரம் நேர்ந்தது. அப்பாவிடமிருந்து ஆறு மாதத்துக்கு ஒன்று என்று கடிதம் வந்த வீட்டில், முன்பின் பார்த்திராத ஓர் அம்மாளிடமிருந்து அதைவிட அடிக்கடி கடிதம் வந்தது. பரீட்சையில் என்ன மார்க் என்று கேட்டது அவர்தான். அம்மாவுக்கு ஆங்கிலம் வராத வீடுகளில் பிள்ளைகளே பதில் எழுதிப்போட்டதும் உண்டு. போலீஸ் கண்ணைக் கட்ட நட்பு மாதிரி நடிக்க ஆரம்பித்தவர்கள் வருஷக் கணக்கில் நடித்து நடித்து நட்பாகவே ஆகிவிட்டார்கள்.

1978இலிருந்து கேப்டவுனின் உட்ஸ்டாக் பகுதியில் கவ்லி ஹவுஸ் என்ற பழைய துறவு மடத்தில் இந்தக் குடும்பங்கள் இறங்கித் தங்க இடம் கிடைத்தது. அது தென்னாப்பிரிக்கத் தேவாலய மன்றத்தின் ஏற்பாடு, வேறு வாய்க்கால். உள்நாட்டில் இப்படிச் சிலர் வெளிப்படையாகவே வேலை செய்தார்கள், அதற்குரிய தொல்லையையும் பட்டார்கள்.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? தேவாலய உண்டியல்களும் தனியார் நன்கொடையும் ஓரளவுக்குத்தான் தாங்கும். பெருந்தொகை கொடுத்தவை அரசாங்கங்கள். அதில் ஸ்வீடன் முன்னால் நின்றது. ஓர் அரசாங்கம் இன்னோர் அரசாங்கத்தின் கைதிகளுக்குக் காசு கொடுப்பது ராஜதந்திரத்தில் சிக்கலான காரியம். அந்தச் சிக்கலை அவிழ்க்க 1965 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தென்னாப்பிரிக்காவுக்கு என ஒரு பொறுப்புநிதி ஏற்படுத்தியது. நாடுகள் ஐ.நா.வுக்குக் கொடுத்தன, ஐ.நா. மனிதாபிமான உதவி என்று கொடுத்தது. அதில் பெரும் பங்கு காலின்ஸின் வாய்க்காலுக்கு வந்தது. பணம் கழற்றிய முதல் சட்டை இதுதான்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஓடியாடியவர் ஈ. எஸ். ரெட்டி. நெல்லூர்ப் பக்கம் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, 1946இல் நியூயார்க் போனவர். ஐ.நா.வின் நிறவெறி எதிர்ப்புக் குழுவுக்கு 1963 முதல் செயலாளர். மேடையில் அதிகம் தென்படாதவர். இந்தப் போராட்டத்தின் வரலாற்றில் பல பக்கங்களின் அடிக்குறிப்பில் அவர் பெயர் இருக்கிறது.

அடிக்குறிப்பு என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிறைக்குப் போனவர் வீட்டு அடுப்புக்குக் கடல் கடந்து பணம் வந்தது தென்னாப்பிரிக்க மண்ணுக்குப் புதிதில்லை. டிரான்ஸ்வாலில் காந்தி நடத்திய சத்தியாக்கிரகத்தில் உள்ளே போனவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்கள் குடும்பங்களுக்கு மாதாமாதம் பணம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. 1909இல் ரத்தன் டாடா 25,000 ரூபாய் அனுப்பினார்; சென்னையில் ஜி. ஏ. நடேசன் நிதி திரட்டினார். அப்படியும் போதாமல்தான் 1910இல் காந்தியின் நண்பர் ஹெர்மன் காலன்பாக் ஜோகன்னஸ்பர்க்குக்கு வெளியே தன் 1,100 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தார். டால்ஸ்டாய் பண்ணை என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்தது, கைதிகளின் மனைவி மக்கள் சேர்ந்து பிழைப்பதற்காக ஏற்பட்ட இடம். அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் காந்தி. கையில் இருந்தது ஜி. யு. போப் எழுதிய கையேடு. பிள்ளைகளுக்கு அவரைவிட நன்றாகத் தமிழ் வந்திருக்கும். அந்தப் போராட்டத்தில் முன்வரிசையில் நின்று திரும்பத் திரும்பச் சிறை போனவர் தம்பி நாயுடு. அவருடைய பேரன் இந்திரஸ் நாயுடு 1963இல் பிடிபட்டு ராபன் தீவில் பத்து ஆண்டு இருந்தார்.

லண்டன் வாய்க்காலை உடைக்கப் பிரிட்டோரியா முயலாமல் இல்லை. கிரெய்க் வில்லியம்சன் என்ற போலீஸ்காரர், நிறவெறியை வெறுத்து ஓடிவந்தவன் என்ற வேஷத்தில் ஜெனீவாவுக்குப் போனார். அங்கே மாணவர் உதவித்தொகை வழங்கிய ஒரு பன்னாட்டு அமைப்பில் துணை இயக்குநர் வரை ஏறினார். அங்கிருந்து காலின்ஸின் கோப்புகளை எட்டிப் பிடிப்பது திட்டம். எட்டவில்லை. 1980 ஜனவரியில் வேஷம் கலைந்தது. ஜெனீவா அமைப்பு அதோடு சின்னாபின்னமானது. லண்டனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆல்ட்மன், ஃபிராங்கல் ஆகியோரின் சந்தேகப் புத்தியும், ஒருவர் செய்வதை அடுத்தவருக்குத் தெரியாமல் வைத்த பழக்கமும்தான் காப்பாற்றின. உள்ளே வேலை செய்தவர்களுக்கே பக்கத்து அறையில் என்ன நடக்கிறது என்று தெரியாது. ஜனநாயகம் பேசும் அமைப்பில் இவ்வளவு பூட்டு எதற்கு என்று அன்று முணுமுணுத்தவர்கள் இருந்தால், 1980க்குப் பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

காலின்ஸ் 1982 டிசம்பர் 31 அன்று இறந்தார். பேராயர் ட்ரெவர் ஹடில்ஸ்டன் தலைமைக்கு வந்தார். 1990 பிப்ரவரியில் இயக்கங்கள் மீதான தடை நீங்கியது. 1991இல் நிதி தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. 1956 முதல் அதுவரை தென்னாப்பிரிக்காவுக்குள் போன மொத்தப் பணம் சுமார் 10 கோடி பவுன் என்று சொல்கிறார்கள். நிதியின் ஆவணங்கள் கேப்டவுனுக்குக் கப்பலேறி, மேற்கு கேப் பல்கலைக்கழகத்தின் மயிபுயே காப்பகத்தில் இருக்கின்றன. பெயர் சொல்லாமல் போன பணம், பெயரோடு ஊர் சேர்ந்த இடம் அதுதான்.

அதற்குப் பிறகு பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற கேள்வி வரும். மண்டேலாவின் அரசு 1996இல் சிறப்பு ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தது. ஐந்து ஆண்டாவது முழுநேரப் போராட்டத்திலோ சிறையிலோ கழித்திருக்கவேண்டும், அதற்கு அத்தாட்சி வேண்டும். தலைமறைவாக இருந்தவர் எந்த அத்தாட்சியைக் காட்டுவார்? நம்மூரில் தியாகி பென்ஷனுக்கு உடன் சிறையிருந்தவரின் கையெழுத்தைத் தேடி அலைந்த குடும்பங்களுக்கு இந்தக் கதை விளக்காமலே புரியும். நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணையம் பாதிக்கப்பட்டோர் என்று ஒப்புக்கொண்டவர்களுக்கு 2003இல் ஒரே தவணையாக 30,000 ராண்ட் கிடைத்தது. ஓய்வூதியச் சட்டத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது: 1996 டிசம்பரில் 35 வயது நிரம்பியிருக்கவேண்டும். 1976இல் சோவெட்டோ மாணவர் கிளர்ச்சியில் பள்ளிச் சீருடையோடு தெருவில் இறங்கிய பதினாலு வயதுப் பிள்ளைக்கு அப்போது 34. பின்னால் வந்த திருத்தம் வரம்பை 30 ஆக்கியது.